கழுவாத தொப்பி

திரையில் சொல் வருவதற்கு முன்பே கோடு துள்ளியது.

மூளை அலைகளைப் பதிவு செய்யும் அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. நடுப்பகலிலும் குழல்விளக்கின் இரைச்சல், கம்பித் தொப்பிக்கு அடியில் தடவும் பசையின் உப்பு வாடை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் தம்பியின் மூச்சு ஒலிபெருக்கியில். திரையில் சொற்கள் இரண்டிரண்டாக வரும். 'பூட்டு' வந்தபின் 'சாவி' வந்தால் மூளை சும்மா இருக்கும். 'முதலை' வந்தால் திடுக்கிடும், பதிவில் கோடு துள்ளும். மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு அந்தத் துள்ளல் குறைவு. இயந்திரத்தை இயக்கும் அக்கா இந்த அறையில் எத்தனையோ தலைகளைப் பார்த்தவள். சொல்லை முந்திக்கொண்டு துள்ளும் கோட்டை மட்டும் பார்த்ததே இல்லை.

"என் மண்டைக்குள்ள என்னதான் இருக்குன்னு அம்மா கேட்டுட்டே இருப்பாங்களே. இப்பவாவது தெரிஞ்சுதாக்கா?"

"களிமண்ணுதான்டா," என்றாள். கோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அடுத்த சொல் உனக்கு எப்படித் தெரியுது?"

"அவர்தான் முன்னாடியே சொல்லிடறாரே."

காதோரம் ஒருவர் பேசுவதாக வருடக்கணக்காக அவன் சொல்வதுதான். யாருமில்லடா, மாத்திரையைப் போடு என்று வருடக்கணக்காக அவளும் சொல்லிவந்தாள். நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்று அம்மா அழுதபோது சண்டை போட்டவளும் அவள்தான். வார்டில் இரண்டு வருடம் கிடந்தவனை இன்று வீட்டுக்கு அனுப்புவதாக டாக்டர் சொல்லியிருந்தார். இந்தக் கோட்டைப் பார்த்தால் அனுப்புவாரா? அம்மா காலையிலேயே அவன் அறையைக் கூட்டி, போர்வையை வெயிலில் போட்டுவிட்டாள்.

இயந்திரக் கோளாறாகத்தான் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் இயக்குபவரே தொப்பியை மாட்டிப் பார்ப்பது அங்கே வழக்கம். ஒரு தலையிலிருந்து எடுத்ததைக் கழுவாமல் இன்னொரு தலையில் வைக்கக் கூடாது என்பதும் வழக்கம். அவசரத்தில் அவள் கழுவவில்லை. தம்பியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டாள். பசையில் அவன் தலைச்சூடு இன்னும் இருந்தது.

திரையில் 'மழை' வந்தது.

"குடை," என்றது இடது காதோரம் ஒரு குரல். மூச்சு இல்லை. அவசரமும் இல்லை.

திரையில் 'குடை'.

நாமே ஊகித்திருப்போம் என்று நினைத்தாள்.

'பால்'.

"ஆணி."

திரையில் 'ஆணி'.

 தொப்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கதவைத் திறந்தாள். தம்பி தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான். கன்னமெல்லாம் ஈரம்.

"அக்கா, அவர் போயிட்டாரு. ஒண்ணுமே கேக்கல." மெல்லச் சிரித்தான். "நீங்கல்லாம் இவ்வளவு அமைதியாவா இருக்கீங்க?"

அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். இத்தனை வருடம் நம்பாமல் போனோமே என்று அழுதாள். அவனிடம் எதையும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? பதிவை அழித்தாள். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

வெளியே நல்ல வெயில். கட்டவிழ்த்த கன்றுக்குட்டியாக அவன் முன்னால் போனான். வாகன இரைச்சலைக்கூட ஆசையாகக் கேட்டபடி நடைபாதை ஓரத்துக்கு வந்துவிட்டான்.

"தம்பி," என்றது அவள் இடது காதோரம் அந்தக் குரல்.

அடுத்த சொல் வர ஒரு மூச்சு இடைவெளிதான் என்று அவளுக்குத் தெரியும்.

"டேய், நில்லுடா," என்று கத்தினாள்.

திரும்பினான். சிரித்தான். அப்படியே பின்பக்கமாக ஒரு அடி வைத்தான். நடைபாதை முடிந்திருந்தது.

"சக்கரம்."