மர்வினுக்கு ஒரு இடது கை

மழை ஜாக்கெட்டின் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளியபடி ஜோலீன் ஹக்கலா அடித்தளத்துக்கு இறங்கியபோது பிற்பகல்தான். ஆனாலும் சியாட்டிலின் நவம்பர் அன்றைய வெளிச்சத்தை அதற்குள் மூட்டை கட்டிவிட்டிருந்தது.

மாடியில் இருக்கும் குழுக்களுக்கு ஜன்னல் உண்டு, ஏரி தெரியும். உடற்கூறு மாதிரிக் குழுவுக்குக் கிடைத்தது மருத்துவக் கல்லூரியின் அடித்தளம். ஒரு காலத்தில் பிணம் அறுத்த கூடம். மேசைகளைத் தூக்கிவிட்டுக் கம்ப்யூட்டர்களை வைத்தார்கள். தரை நடுவில் இருந்த வடிகால் சல்லடையை அடைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. மழை நாட்களில் அதன் வழியாக ஏதோ ஒரு வாடை மேலே ஏறும். என்ன வாடை என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

மனித உடம்பைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைப்பதுதான் அங்கே வேலை. படம் காட்டினால் அதற்குப் புரியாது. இது எலும்பு, இது இன்னதன் பகுதி, இந்த நரம்பு இங்கே புறப்பட்டு அங்கே போகிறது என்று வரி வரியாக எழுதிக்கொடுக்க வேண்டும். அப்போதுதான் சுண்டுவிரல் மரத்துப்போனவருக்கு முழங்கையில் கோளாறு இருக்கலாம் என்று ஒரு ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரால் யோசிக்க முடியும். இந்த எழுத்துக்கு ஒரே ஒரு இரும்புச் சட்டம் உண்டு. எந்த உறுப்பும் அநாதையாக நிற்கக்கூடாது. விரல் கையின் பகுதி, கை புயத்தின் பகுதி, புயம் உடம்பின் பகுதி.

இதற்கெல்லாம் மூலம் ஒரே ஒரு உடம்பு. உடல்தானம் செய்த யாரோ ஒரு ஆள். உறையவைத்து, கடையில் ஹாம் இறைச்சியைச் சீவுவதுபோல உச்சியிலிருந்து பாதம்வரை மெல்லியதாகச் சீவி, ஒவ்வொரு சீவலையும் படம் எடுத்துவைத்திருந்தார்கள். பெயர் சொல்லக்கூடாது என்பது விதி. அதனால் குழு அவருக்கு மர்வின் என்று பெயர் வைத்துக்கொண்டது.

ஜோலீன் கம்ப்யூட்டரைத் திறந்தாள். திரையில் சிவப்பு.

"இடது கை: உடையவர் இல்லை."

"சனியனே," என்றாள்.

வெள்ளிக்கிழமை இதைச் சரிசெய்துவிட்டுத்தான் போயிருந்தாள். அதற்கு முந்தின வாரமும் சரிசெய்தாள். வியாழக்கிழமை டாக்டர் பட்டக் குழு கூடுகிறது. செக்கர் என்று அவர்கள் அழைக்கும் சரிபார்ப்பு நிரலில் ஒரு சிவப்பு வரி இருந்தாலும் கையெழுத்து கிடையாது என்று பேராசிரியர் ஸ்டோடார்ட் சொல்லிவிட்டார். கையெழுத்து இல்லை என்றால் உதவித்தொகை நின்றுவிடும். சொந்த ஊரான அபர்டீனுக்குத் திரும்பி, அம்மாவோடு மீன் டப்பா ஆலையில் நிற்கவேண்டியதுதான். ஹக்கலா குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அடுத்த ஆள் யாரும் வரிசையில் இல்லை.

பக்கத்து மேசையில் டெரல் அப்சர்ச் தெரியாக்கி என்ற ஜப்பானியக் கோழிக்கறியை டப்பாவிலிருந்து வாரித் தின்றுகொண்டிருந்தான். கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பவன். ஆள் பெரிய உருவம்.

"டெரல், உனக்கு வேற வேலையே இல்லையாடா? மறுபடி அந்தக் கையைப் பிடுங்கி வெச்சிருக்க."

"அம்மா தாயே, நான் சோறு தின்னுட்டிருக்கேன். எனக்கு எதுக்குக் கை? இருக்கிற ரெண்டையே என்ன செய்றதுன்னு தெரியல."

"விளையாடாதே. உன்னையும் என்னையும் விட்டா இதுல எழுத யாருக்கு அனுமதி இருக்கு?"

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப்பார்த்தான். யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்பதை இயந்திரம் தானே குறித்துவைக்கும். மாற்றம் இருந்தது. மாற்றியவர் பெயர் இருக்கவேண்டிய இடம் காலி.

"காலியா இருக்கவே முடியாதே," என்றான் டெரல். அவன் குரலில் இருந்த கிண்டல் போய்விட்டது. "சரி, என் அனுமதியையும் எடுத்துடறேன். இனிமே நீ ஒருத்திதான். நாளைக்கும் போச்சுன்னா என் மேல பாயாதே."

கையைத் திரும்ப ஒட்டினாள். பச்சை வந்தது. வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் பிற்பகல் டெரலுக்குப் பல் டாக்டரிடம் வேலை. கூடத்தில் அவள் மட்டும். மழை வெளியே ஒரே சுருதியில் பெய்துகொண்டிருந்தது. குழல் விளக்கு ஒன்று முனகிக்கொண்டிருந்தது. காப்பியை எடுக்கக் கையை நீட்டியவள் பாதியிலேயே அதை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

ஒரு வாடை. வடிகாலின் வழக்கமான வாடை இல்லை. நனைந்த தேவதாரு மரத்தூள். அதோடு சூடேறிய ரம்ப எண்ணெய். அவள் அப்பா மரமில்லிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது அடிக்கும் அதே வாடை.

பின்னாலிருந்து தட்டச்சுச் சத்தம் கேட்டது.

டெரலின் மேசை.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. அவள் திரையில் ஒரு வரி மறைந்தது. இடது கட்டைவிரல். பிறகு ஆட்காட்டி விரல். யாரோ மோதிரம் கழற்றுவதுபோல அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக. அவள் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

தட்டச்சின் தாளம்தான் அவளை உலுக்கியது. சில எழுத்துகள் படபடவென்று விழுந்தன. பிறகு ஒரு இடைவெளி. ஒற்றை எழுத்து. மறுபடி இடைவெளி. மறுபடி படபட. வலப்பக்க எழுத்துகளுக்கு வேகம். இடப்பக்க எழுத்துகளுக்கு ஒரு பயணம்.

இந்தத் தாளம் அவளுக்குத் தெரியும்.

டோய்வோ சித்தப்பாவின் கையை மில் ரம்பம் கொண்டுபோன பிறகு, இன்சூரன்ஸ்காரனுக்குச் சமையலறை மேசையில் உட்கார்ந்து இப்படித்தான் கடிதம் அடிப்பார். மாதக்கணக்கில் அடித்தார். பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே கேட்டு வளர்ந்தவள் அவள்.

ஒற்றைக் கை.

"யாரு?" என்றாள்.

சத்தம் நின்றது.

திரும்பினாள். நாற்காலி காலி. விசைப்பலகையில் மட்டும் ஈரமான தூள் அப்பியிருந்தது. வலது பக்கம் நிறைய. இடது பக்கம் அங்கங்கே.

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். ஜோலீனுக்குக் கோபம்தான் முந்திக்கொண்டது. இத்தனை வருஷம் தின்னாமல் தூங்காமல் கட்டியதை எது கலைக்கிறது என்று தெரியாமல் அவளால் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. மூலப் படங்களைத் திறந்தாள். யாரும் அவற்றைத் திறப்பதில்லை; எல்லோரும் ஏற்கெனவே வரைந்துவைத்த உருவத்தில்தான் வேலை செய்வார்கள். அவள் பங்கு கழுத்து நரம்புகளும் காதுகளும். கைகள் அவள் சேர்வதற்கு முன்பே முடிந்துவிட்டிருந்தன.

சீவல் சீவலாக இடது புயத்தில் இறங்கினாள். தோள். முழங்கை. முன்கை. முன்கை குறுகியது. எலும்புகளின் முனை உருண்டு மழுங்கியிருந்தது. மேலே பழைய தையல் தழும்பு.

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

அன்று மாலையே மேல்மாடிக்குப் போனாள். பேராசிரியர் ஸ்டோடார்ட் சைக்கிள் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ப்ரொஃபசர், மர்வினுக்கு இடது கையே கிடையாது."

"ஆமா. அதுக்கென்ன?"

"தெரியுமா உங்களுக்கு?"

"நான்தானே சரிபண்ணினேன். வலது கையை எடுத்துத் திருப்பிப் போட்டேன். இடது காதை நீ எங்கிருந்து எடுத்த, சொல்லு?"

வலது காதிலிருந்துதான். ஒரு பக்கத்தை எழுதி, பிரதி எடுத்து, 'இடது' என்று மாற்றிப்போடுவது அங்கே எல்லோரும் செய்வது. பாதி வேலை மிச்சம்.

"காது அவருக்கு ரெண்டும் இருந்துச்சு, ப்ரொஃபசர். கை இல்ல."

"ஜோலீன், நாம ஒரு ஆளோட உடம்பை எழுதல. உடம்புன்னா என்னன்னு எழுதறோம். மாதிரி உடம்புக்கு ரெண்டு கை."

"அப்போ அவர்கிட்ட இல்லாத கைன்னு ஒரு வரி குறிப்பாவது போடலாமே. அவருக்கு அது பிடிக்கல."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டியபடி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் புதிதல்ல. உங்கள் ஊரில் இப்படித்தான் பேசுவார்களோ என்கிற பார்வை.

"ஒழுங்காத் தூங்குறியா நீ? முதல்ல போய்த் தூங்கு. வியாழக்கிழமை எனக்குப் பச்சை வேணும். கதை வேணாம்."

அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஜோலீன் வராந்தாவில் நின்றாள். மில்லில் கையைக் கொடுத்தவன், அடக்கம் செய்ய வழியில்லாமல் உடம்பையும் கொடுத்திருப்பான். அவளுக்குத் தெரிந்த குடும்பங்களில் அப்படித்தான் நடந்தது. செத்த பிறகாவது அவனை அவனாக விட்டார்களா? ஊனத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. உரக்கக் கத்தவேண்டும்போல் இருந்தது. யாரிடம் கத்துவது?

கத்தவில்லை. அதற்காகத்தான் பிறகு அவளால் தன்னையே மன்னிக்க முடியவில்லை.

புதன்கிழமை கீழே வந்தபோது கை மறுபடி போயிருந்தது. டெரல் தன் மேசையை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஜோலீன் கையை ஒட்டினாள். கண்முன்னாலேயே கழன்றது. ஒட்டினாள். கழன்றது. மரத்தூள் வாடை நெஞ்சை அடைத்தது.

"தயவுசெஞ்சு," என்று காலி நாற்காலியைப் பார்த்துக் கிசுகிசுத்தாள். "நாளைக்கு ஒரு நாள் மட்டும். அப்புறம் நானே எடுத்துடறேன். எனக்கு வேற வழி இல்ல."

கட்டைவிரல் மறைந்தது.

அப்போதுதான் அவளுக்கு வெறி வந்தது. கையை ஒட்டிக்கொண்டிருந்தால் பிடுங்கத்தானே செய்வான்? சட்டத்தையே மாற்றினால்? எந்த உறுப்பின் வரியையும் தொடாமல், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி எழுதினாள். இனி இதை இயந்திரமே பார்த்துக்கொள்ளும்; மனிதனாலும் கலைக்க முடியாது, மற்றதாலும் கலைக்க முடியாது.

"இந்த உடம்புக்கு ஒரு இடது கை இருந்தே தீரவேண்டும். இல்லாவிட்டால் ஒன்று கண்டுபிடித்து இணைக்கப்படவேண்டும்."

இடது சுண்டுவிரல் ஓரத் தோலைப் பல்லால் இழுத்தபடி செக்கரை ஓடவிட்டாள்.

தட்டச்சுச் சத்தம் நின்றது. வாடை வடிந்தது. குழல் விளக்குக்கூட முனகலை நிறுத்திவிட்டதுபோல் இருந்தது.

பச்சை.

அவன் தோற்றுவிட்டான் என்று நினைத்தாள். அவன் இதுவரை கை கேட்கவே இல்லை, தனதல்லாததைத் திருப்பித்தான் கொடுத்துக்கொண்டிருந்தான். இது அவளுக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

வியாழக்கிழமை அதிசயமாக வெயில். மேல்மாடிக் கூட்ட அறையில் ஏரி கண்ணைப் பறித்தது. ஸ்டோடார்டும், குழுவிலிருந்த இரண்டு டாக்டர்களும் பேகல் ரொட்டியைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஜோலீன் வலது கையால் மௌஸைப் பிடித்து, மர்வினைச் சுவர்த் திரையில் தலையிலிருந்து இறக்கினாள். கேள்விகள் வந்தன. பதில் சொன்னாள். ஒன்றில்கூடத் தடுமாறவில்லை.

"பிரமாதம்," என்றார் டாக்டர் இனெஸ் ப்ராட்வெல், எலும்பு அறுவை நிபுணர். "அந்த இடது கையைக் கொஞ்சம் பெருசு பண்ணும்மா."

பெரிதாக்கினாள்.

"இது வலதைத் திருப்பிப் போட்டது இல்லையே. அசல் படமால்ல இருக்கு? எங்க புடிச்ச?" அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். "ஆனா ஆளுக்குப் பொருந்தலையே. இவ்வளவு பெரிய முன்கைக்கு இவ்வளவு சின்னக் கையா? பொம்பளைக் கை மாதிரி இருக்கு."

ஸ்டோடார்ட் சிரித்தார். "நகத்தைப் பாருங்க. யாரோ நல்லாக் கடிச்சிருக்காங்க."

ஜோலீன் திரையைப் பார்த்தாள். சதை வரை கடிக்கப்பட்ட நகங்கள். சுண்டுவிரல் ஓரத்தில், நேற்று பல்லால் இழுத்ததில் கிழிந்த தோல்.

மெதுவாகக் குனிந்து, மேசைக்கு அடியில் தன் மடியைப் பார்த்தாள்.

கை இருந்தது. அங்கேயேதான் இருந்தது. தூக்கப் பார்த்தாள். வரவில்லை. வலது கையால் தொட்டாள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த இறைச்சிபோல இருந்தது. தொட்டது அந்தக் கைக்குத் தெரியவில்லை.

"வாழ்த்துகள், டாக்டர் ஹக்கலா!" பேனா மூடியைத் திறந்து ஸ்டோடார்ட் கையெழுத்துப் போட்டார். மற்ற இருவரும் போட்டார்கள். கைதட்டினார்கள்.

மடியில் இருந்த கை மெல்லத் திரும்பியது. உள்ளங்கை மேலே வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின, விரிந்தன, மறுபடி மடங்கின. வெகுகாலம் கை இல்லாமல் இருந்த ஒருவர், கிடைத்ததைப் பழகிப் பார்ப்பதுபோல.