துடுப்பைக் கவிழ்த்தவர்கள்

“ஒரே ஒரு நாள் வெயில் போதுமுங்க. அதுக்கு மேல நாங்க ஒண்ணும் கேக்கலை.”

“வெயிலை வரவழைக்கும் வித்தை எனக்குத் தெரியாது, பெண்ணே.”

“காத்திருக்கச் சொல்ற வித்தை தெரியுமில்லீங்களா. அதைச் செய்யுங்க.”

“அதோ, ஆற்று நடுவே பார். நேற்று வரை கோட்டை மேல் மூன்று தீ எரிந்தது. இன்று ஒன்றுதான் எரிகிறது. அதன் பொருள் உனக்குத் தெரியாதா?”

“தெரியுமுங்க. உள்ள ஒரு நாள் சோறுதான் மிச்சம். அங்க இருக்கிற நானூறு பேருல எங்க ஆளுகளும் இருக்காங்க. நாளைக்குப் போனா அவங்களுக்குச் சோறு போய்ச் சேரும். இன்னைக்குப் போனா சோறும் ஆத்தோட போகும், நாங்களும் போவோம்.”

வாசகர்களே, இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்த இடத்தில் நாமும் சற்று நின்று பார்ப்போம். மலைகளிலிருந்து ஓடி வரும் பூவானி, தன் செந்நீரைக் காவிரியின் பசிய நீரோடு உடனே கலந்துவிட மனமில்லாமல் நெடுந்தூரம் தனித்தே ஓடும் கூடுதுறை அது. பத்து நாள் பெய்த மழை அன்று பிற்பகலில்தான் ஓய்ந்திருந்தது. மேற்கு வானம் மஞ்சள் உரைத்த கல்லைப்போல் ஈரத்தோடு மின்னியது. அந்த ஒளியில் ஆற்று நடுவே எழுந்திருந்த திட்டுக்கோட்டையும், அதற்கு அப்பால் அக்கரையில் அதை மடக்கி வளைத்திருந்த பகைவரின் கூடாரங்களும் கரிய கோடுகளாகத் தெரிந்தன. இக்கரை மணலில் அறுபது பரிசல்கள் கவிழ்த்து வைக்கப்பட்டு ஆமைகளைப்போல் வரிசையாகக் கிடந்தன. அருகே நெல் மூட்டைகள். பரிசலுக்கு இருவராக நூற்றிருபது துடுப்புக்காரர்கள், ஆளுக்கொரு துடுப்பை மணலில் ஊன்றிக்கொண்டு நின்றார்கள்.

அவர்களுக்கு முன்னால் நின்று பேசியவள் பரிசல்படைத் தலைவி வெண்ணி. இருபத்தாறு வயது. துடுப்புப் பிடித்துக் காய்த்த கைகள். பேசும்போது எதிரே நிற்பவரின் கண்ணை விட்டு நகராத பார்வை. எதிரே குதிரை மேல் இருந்தவர், அந்நாட்டு அரசர் பூழிவேளின் சேனாபதி வீரகேசரியார். பதினேழு போர்களில் தழும்பு பெற்றவர். பொல்லாதவர் என்று எண்ணிவிடாதீர்கள். அன்று அவர் காலையிலிருந்து உணவருந்தவில்லை. கோட்டையில் இருப்பவர்கள் பட்டினி கிடக்கையில் தமக்குச் சோறு இறங்கவில்லை என்று இலையைத் தள்ளிவிட்டிருந்தார்.

ஆனால் அவருக்கு ஆறு தெரியாது.

கூடுதுறைப் பரிசல்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. புறப்படும் முன் எல்லோரும் துடுப்பின் அலகு வானைப் பார்க்குமாறு மணலில் ஊன்றி நிற்பார்கள். பரிசலிலோ நீரிலோ குறை கண்டவன் தன் துடுப்பைக் கவிழ்த்து, அலகை மணலில் குத்துவான். ஒரே ஒரு துடுப்பு கவிழ்ந்தாலும் அன்று ஒரு பரிசலும் இறங்காது. ஏன் என்று பிறகுதான் கேட்பார்கள். கவிழ்த்தவன்மேல் யாரும் கோபிக்கக் கூடாது. நேற்று வந்து சேர்ந்தவனுக்கும் தலைவிக்கும் இதில் ஒரே மதிப்புதான்.

ஆறு மாதங்களுக்கு முன் அரசாணை ஒன்று வந்தது: போர்க்காலத்தில் துடுப்பைக் கவிழ்ப்பவனுக்குப் பதினொரு கசையடி. அடுத்த வாரமே மூக்கன் என்பவன் துடுப்பைக் கவிழ்த்தான். அவன் முதுகு கிழிந்தது. பரிசல்கள் இறங்கின. நடு ஆற்றில் நான்கு பரிசல்களின் தையல் பிரிந்து ஏழு பேர் போனார்கள். வெண்ணியின் தம்பி காரி அவர்களில் ஒருவன். பகைவரிடம் கைக்கூலி பெற்று அந்த எழுவரே பரிசல் தோலைக் கீறினார்கள் என்று முரசறைந்து அறிவித்தார் சேனாபதி. அதை அவர் மெய்யாகவே நம்பினார். அதற்குப்பின் எவனும் துடுப்பைக் கவிழ்க்கவில்லை.

“நீ ஒருத்திதான் தோல் ஈரம், தையல் தாங்காது என்கிறாய்” என்றார் வீரகேசரியார். “உன் ஆட்களையே கேட்கிறேன். டேய், உன் பரிசல் எப்படி இருக்கிறது?”

“நல்லா இருக்குதுங்க.”

“உன்னுடையது?”

“நல்லா இருக்குதுங்க சாமி.”

இப்படியே இருபது பேர் சொன்னார்கள். இருபது பேரில் ஒருவனாவது தன் பரிசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

வரிசையின் கடைசியில் நின்ற ஒருவன் மட்டும் குனிந்து, தன் பரிசலின் எருமைத் தோலைக் கட்டைவிரலால் அழுத்தினான். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. அவன் பெயர் சாத்தன். படைக்கு வந்து எட்டு நாள்தான் ஆகிறது. துடுப்பு அவன் சொல்லைக் கேட்காது. “உன் பரிசல் ஆத்தைக் கடக்கறதில்லையப்பா, ஆத்துக்கு ஆரத்தி சுத்துது” என்று முதல் நாளே சொல்லிச் சிரித்தவள் வெண்ணி. சிரித்துவிட்டு, அவன் கைமேல் தன் கையை வைத்துத் துடுப்பைத் திருப்பியும் காட்டினாள். அந்த இரவு தன் உள்ளங்கைக் கொப்புளங்களைப் பார்த்தபடியே அவன் நெடுநேரம் விழித்துக் கிடந்ததை வாசகர்களுக்கு மட்டும் சொல்லி வைக்கிறேன்.

“கேட்டாயா?” என்றார் சேனாபதி.

“கேட்டேனுங்க. அடிக்குப் பயந்தவன் வாயில நல்லா இருக்குதுங்கற சொல்லைத் தவிர வேற வராதுங்க.”

“ஈரம் என்றால் தீயில் காட்டி உலர்த்துவதுதானே?”

“தீயில காட்டினா தோல் சுருங்கித் தையல் விட்டுப்போகும். வெயில்லதான் காயோணும்.”

“நூற்றிருபது பேரில் எவனோ ஒருவன் ஒரு கட்டையைத் திருப்பினால் படையே நின்றுவிட வேண்டும். அப்படியானால் சேனாபதி என்று ஒருவன் எதற்கு?”

“முன்னால நிக்கறதுக்குங்க. முன்னால நிக்கறவர் கண்ணுக்கு அக்கரை தெரியும். பரிசலோட அடித்தோல் அதைத் தூக்கிச் சுமக்கறவன் தலைக்குத்தான் தெரியும். அவன் சொன்னா நீங்க கேக்கோணும். கேக்க மாட்டீங்கன்னா, நீங்களே வந்து தலையில தூக்கிப் பாருங்க.”

வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமலா சிரிப்பா என்று சேனாபதி ஆராயவில்லை. அவர் முகம் சிவந்துவிட்டது.

“நிலவு எழ இன்னும் ஒரு நாழிகைதான். அதற்குள் பரிசல்கள் கோட்டை மதிலை அடைய வேண்டும். கடைசியாகக் கேட்கிறேன். இறங்குவாயா, மாட்டாயா?”

வெண்ணி தன் துடுப்பைப் பிடுங்கினாள். சுழற்றினாள். அலகு மணலில் ஒரு சாண் ஆழம் இறங்கியது.

“இவளைக் கட்டுங்கள்” என்றார் வீரகேசரியார். இரண்டு வீரர்கள் அவள் கைகளைப் பின்னால் சேர்த்தார்கள். “ஆணையை மீறிய தலைவிக்குத் தண்டனை கசையடி அன்று. பரிசல்கள் திரும்பியதும் இதே மணலில் அவள் தலை உருளும். மூக்கா, இங்கே வா. இனி நீதான் தலைவன். வழிநடத்து.”

மூக்கன் வந்தான். வெண்ணிக்கு அடுத்த நிலையில் நான்கு ஆண்டுகள் இருந்தவன். அவள் முகத்தைப் பார்க்காமல், துடுப்பின் அலகை வானுக்கு நீட்டி ஊன்றினான்.

“போ மூக்கா” என்றாள் வெண்ணி தணிந்த குரலில். “உன் மேல எனக்குக் கோவமில்லை. உன் முதுகுக்கு எண்ணெய் தடவினவ நான். ஆனா அஞ்சாம் பரிசலை மட்டும் விட்டுட்டுப் போ. அதுல ரெண்டு தையல் இப்பவே விட்டிருக்குது.”

மூக்கன் ஐந்தாம் பரிசலின் பக்கம் பார்த்தான்.

அப்போது வரிசையின் கடைசியில் மணல் நறுக்கென்று ஒலித்தது. சாத்தனின் துடுப்பு கவிழ்ந்து நின்றது.

“அட, ஆரத்திக்காரன் கவுத்துட்டானப்பா” என்றான் ஒருவன். “அவன் துடுப்புக்கு எது தலை எது கால்னே தெரியாது. இதெல்லாம் சேத்தி இல்ல.” அச்சத்தின் நடுவிலும் ஓரிருவர் சிரித்துவிட்டார்கள்.

“சேத்திதான்” என்றது ஒரு குரல். பேசியவன் மூக்கன். ஆறு மாதமாக அந்தத் துறையில் யாரும் கேட்டறியாத குரல் அது. “எவன் கவுத்தாலும் சேத்திதான். எட்டு நாளானவன் கவுத்தாலும் சேத்திதான். நம்ம வழக்கம் அதுதான்டா.” சொல்லிவிட்டுத் தன் துடுப்பையும் கவிழ்த்தான். சட்டைத் துணி விலகி, முதுகின் பதினொரு வரிகளும் அந்தி ஒளியில் தெரிந்தன. பிறகு ஒன்று, நான்கு, இருபது என்று மணல் ஒலிக்கத் தொடங்கியது. எல்லாரும் கவிழ்த்தார்கள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் பதினாறு பேர் கவிழ்க்கவில்லை. தலை குனிந்து நின்றார்கள். அவர்களையும் நாம் குறை சொல்ல வேண்டாம்.

“முதலில் கவிழ்த்தவனை இழுத்து வாருங்கள்” என்றார் சேனாபதி. “பதினொரு அடி.”

சாத்தனை இழுக்க வேண்டியிருக்கவில்லை. அவனே நடந்து வந்தான். மேலாடையைக் களைந்து மணலில் போட்டான். பிறகு பேசினான். அந்தக் குரலில் துறையின் பேச்சு இல்லை.

“ஆணை எழுதிய இரவில் நீர் இருபத்தொன்று கேட்டீர், சேனாபதியாரே. நான்தான் பத்தைக் குறைத்தேன். நம் இருவரையும் தவிர அவ்வறையில் வேறு எவரும் இல்லை. பத்தைக் குறைத்ததற்காக என் கருணையை நானே மெச்சிக்கொண்டு, நிம்மதியாக உறங்கினேன்.”

வீரகேசரியார் குதிரையிலிருந்து இறங்கவில்லை. விழுந்தார் என்றே சொல்ல வேண்டும். தாடி வளர்ந்து, வெயிலில் கறுத்து, கொப்புளக் கைகளோடு நின்றவரின் முகத்தை அருகே வந்து பார்த்தார். முழந்தாளிட்டார்.

“அரசே. தாங்கள் இங்கே...”

“துரோகி இருக்கிறான் என்று ஓலை விடுத்தீர். பிடிக்க வந்தேன். எட்டு நாளும் தேடினேன். துரோகி அகப்படவில்லை. அடிக்கு அஞ்சி வாய்மூடிய மனிதர்கள்தான் அகப்பட்டார்கள். அவர்கள் வாயைப் பூட்டியது என் கையெழுத்து.”

“அடியேன் செய்தவை எல்லாம் அரசின் நன்மைக்கே.”

“அறிவேன். நானும் அப்படித்தான் எண்ணினேன். எழுந்திரும். முதலில் அவள் கட்டுகளை அவிழ்த்துவிடும். பரிசல்கள் நாளை மாலை இறங்கட்டும். கோட்டைக்குத் தீ காட்டிச் செய்தி சொல்லும்: ஒரு நாள் பொறுக்கட்டும்.”

கரையெங்கும் மனிதர்கள் மண்டியிட்டார்கள். வெண்ணி மட்டும் நின்றாள். கட்டு அவிழ்ந்த மணிக்கட்டுகளைத் தேய்த்துக்கொண்டு, எட்டு நாள் தன்னோடு ஒரே சட்டியில் கூழ் குடித்தவரை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வியப்பு இருந்தது, சினம் இருந்தது, இவ்விரண்டுக்கும் நடுவே, அவளே விரும்பாத ஒரு வலியும் இருந்தது. கிழக்கே மரங்களுக்கு மேல் தேய்பிறை நிலவு எட்டிப் பார்க்க, இரு நிற நீரும் ஒரே வெள்ளியாயின.

“வெண்ணி” என்றார் பூழிவேள், மெல்ல. “நாளை முதல் பரிசலில் நானும் வருகிறேன். அரசனாக அன்று. உன் சொல்லுக்குக் கட்டுப்பட்ட துடுப்பாக.”

“வரலாமுங்க. சுத்திச் சுத்தி வந்தாலும் வந்து சேந்துடுவீங்க” என்றாள் அவள். யாரும் சிரிக்கவில்லை. “ஆனா தோல் காய நாளைக்குப் பகல் பூராவும் ஆகும். அதுவரைக்கும் இங்க உங்களுக்கு வேலை இல்லை. ஊருக்குள்ள ஏழு வீடு இருக்குதுங்க. ஆறு மாசமா அந்த வாசல்ல யாரும் கால் வெக்கறதில்லை. துரோகி வீடுன்னு முரசு சொல்லிட்டுது. முரசை அனுப்பாதீங்க. சேனாபதியை அனுப்பாதீங்க. நீங்களே நடந்து போயி, ஒவ்வொரு வாசல்லயும் நின்னு, இவங்க துரோகி இல்லை, கசையடி ஆணையை எழுதினது நான்தான், தப்பு என்னுதுதான்னு உங்க வாயால சொல்லோணும். எங்க வீட்டுக்குக் கடைசியா வாங்க. எங்க அம்மா உடனே கதவு திறக்க மாட்டா. திறக்கற வரைக்கும் நிப்பீங்களா?”