மூன்றாவது கண்ணாடி

போன் அலறியது.

டெய்சி எடுத்தாள். கோபாலகிருஷ்ணன்.

"போட்டோ தகட்டைக் கழுவிட்டியாம்மா?"

"கழுவிட்டேன் சார். ஒரு ஆள் தெரியுது... வந்து பார்க்குறீங்களா?"



"வரேன்."

டெய்சி போனை வைத்தாள்.

போன வாரம் அவளுடைய அண்ணன் இன்னாசிராஜ் குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியிலிருந்து விழுந்து செத்தான். கால் தவறிவிட்டது என்றார்கள். கேமரா மட்டும் ஸ்டாண்டில் அசையாமல் நின்றது.

சாதாரண கேமரா இல்லை அது. கலர் பிலிம் வராத காலத்தில் வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த முறை. சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறக் கண்ணாடியாக முன்னால் மாட்டி, மூன்று தகடுகளில் மூன்று கறுப்பு-வெள்ளைப் படம் எடுக்க வேண்டும். மூன்றையும் சேர்த்தால் நிறம் வரும். இன்னாசிராஜும், மைன்ஸில் அவனோடு ஒரே ஷிப்ட் பார்த்த கோபாலகிருஷ்ணனும் சேர்ந்து செய்தது. டெல்லி கண்காட்சிக்குத் தேர்வாகியிருந்தது.

இன்னாசிராஜ் விழுந்த மாலையில் தான் பக்கத்து ஊர் காடாம்புலியூரில் இருந்ததாக கோபாலகிருஷ்ணன் போலீஸில் சொன்னார். ஆனால் அடக்கத்தன்று பூமாலை வைத்த கையோடு டெய்சியிடம் கேட்டார்... "தகடு எங்கே?"

அங்கே இல்லாதவர் தகட்டுக்காக ஏன் பதற வேண்டும் என்ற நினைப்பு அவளைத் தூங்க விடவில்லை. இன்ஸ்பெக்டர் வெண்மதியிடம் போய்ச் சொன்னாள். கோபாலகிருஷ்ணனைப் பேச வைக்கச் சொன்ன வெண்மதி, தான் வாசலுக்கு எதிரே ஜீப்பில் இருப்பதாகவும், ஒரு குரல் கொடுத்தால் போதும் என்றும் தைரியம் சொன்னாள்.

கோபாலகிருஷ்ணன் வந்தார்.

வந்தவர் முதலில் வாசல் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார்.

 இனி கத்தினாலும் கதவை உடைத்துத்தான் வரவேண்டும். அதற்குள்...

"காட்டு."

மேஜையில் துணி சுற்றிய மூன்று கண்ணாடித் தகடுகள். அவள் தொடவில்லை.

"சிவப்புத் தகட்டுல சார். மாடிப்படி வாசல்ல ஒரு ஆள் நிக்கிறாரு."

"பொய் சொல்ற."

"முகம்கூட..."

"சிவப்புல எப்படித் தெரியும்? நான் மாடி ஏறும்போதே சிவப்பு முடிஞ்சு அவன் நீலக் கண்ணாடிய மாட்டிக்கினு இருந்தான்."

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது.



டெய்சி பின்னால் நகர்ந்தாள். முதுகில் சுவர் இடித்தது.

"மூணு கண்ணாடியையும் மாத்தி மாத்தி மாட்டுற மாதிரி செஞ்சது நான்," என்றார் மெதுவாக. "டெல்லிக்குப் போட்டது அவன் பேர் மட்டும். ஓடுற சினிமாப் படத்தை மொதமொதல்ல எடுத்த ஒரு பிரெஞ்சுக்காரன் தெரியுமா உனக்கு? ரயில் ஏறினான். எறங்கவே இல்ல. பேர் மத்தவங்களுக்குப் போச்சு."

"அதுக்காக... எங்கண்ணனையா சார்?"

துணி மூட்டையைத் தூக்கித் தரையில் அடித்தார். கண்ணாடி சிதறியது. நீளமான ஒரு சில்லைக் குனிந்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். அவளை நோக்கி வந்தார்.

"நீயும் கண்ணாடி மேல விழுந்துட்டன்னு சொல்லிக்கலாம்."

டெய்சி கண்களை மூடிக்கொண்டாள். அண்ணன் கடைசி நொடியில் இப்படித்தான் பயந்திருப்பானோ...

"சில்லைக் கீழே போடுங்க."

சமையலறை வாசலில் வெண்மதி. கையில் துப்பாக்கி. கதவு சாத்தியதைப் பார்த்ததுமே பின்கதவுக்குச் சுற்றி வந்து, அவர் பேசியதையெல்லாம் கேட்டிருந்தாள்.

கண்ணாடி கீழே விழுந்தது. கோபாலகிருஷ்ணன் சிரிக்கப் பார்த்தார்.

"சாட்சி தூள்தூளாப் போச்சு மேடம். இனிமே என்ன பண்ணுவீங்க?"

டெய்சி சிதறிய சில்லுகளைக் காட்டினாள்.

"அதுல ஒண்ணுமே இல்ல சார். அண்ணன் விழுந்த அன்னிக்கே விவரம் புரியாம கேமராவைத் தெறந்துட்டேன். வெளிச்சம் பட்டு மூணு தகடும் வீணாப்போச்சு."

அவர் முகம் வெளிறியது.

வெண்மதி விலங்கை மாட்டினாள்.

"படத்துல விழாம தப்பிச்சீங்க சார்... பேச்சுல விழுந்துட்டீங்க."