கடைசி ஒரு மீட்டர்

தாமிரபரணி அணைகளை எந்தத் தேதியில் திறப்பது என்பதை அப்போதெல்லாம் அண்டார்டிகாவின் பனிதான் முடிவு செய்தது.

அங்கே விழும் பனி ஆண்டுக்கு ஓர் அடுக்காகப் படிகிறது. அந்தந்த ஆண்டின் காற்றும் தூசியும் கடலுப்பும் அதற்குள் சிறைப்படுகின்றன. துளையிட்டு எடுத்த பனித்தண்டை மெல்ல உருக்கி, இவற்றை அடுக்கடுக்காகப் படித்தது 'பனியோதி' என்ற கருவி. இந்த ஆண்டைப் போன்ற பழைய ஆண்டைத் தேடிப் பிடித்து, அதற்குப் பின் மழை எப்படிப் போனது என்று சொல்லிவிடும். முப்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட அது தவறியதில்லை.

அந்த ஆண்டு கடல் விசித்திரமாகச் சூடேறியது. அதற்கு ஒத்துப்போனது ஒரே ஒரு தண்டுதான். ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆண்டுப் பழமை. மிச்சமிருந்தது ஒரு மீட்டர்.

பனித்தண்டுகளைச் சேமித்து வைக்கும் பனியகத்தின் தலைவி செல்லக்கனி அதைக் கையுறையோடு தடவிப் பார்த்தாள். அதைத் துளையிட்டு எடுத்த மாசிலாமணி பக்கத்தில் நின்றார்.

"உருக்கிட்டா அப்புறம் கிடையாது மேடம். அந்த எடத்துல இப்போ பனியே இல்ல."

"தெரியும். ஆனா கீழ ஆறு லட்சம் பேரு குடிக்கத் தண்ணி வேணும்லா?"

உருக்கினார்கள். பனியோதி சொன்னது: நான்கு ஆண்டுகள் மழை பொய்க்கும்.

குடிநீருக்கு மட்டும் விட்டு, பாசனத்துக்கு அணைகள் மூடப்பட்டன. நட்ட நாற்று கருகியதைக் கண்டு ஸ்ரீவைகுண்டத்து விவசாயிகள் அவளை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். மழை நான்கு ஆண்டுகள் பொய்த்தது. ஆனால் எந்த ஊரும் தாகத்தால் காலியாகவில்லை. ஐந்தாம் ஆண்டு மழை கொட்டியபோது, ஏசியவர்களே வாழைத்தாரோடு வந்து நின்றார்கள்.

செல்லக்கனிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. வரப்போகிறவர்களின் ஒரு மீட்டரைத் தான் தின்றுவிட்டதாகத் தோன்றியது.

"நம்ம காலத்துப் பனி ஒரு மீட்டர் எடுத்து வைப்போம். அவங்களுக்கு உதவும்" என்று மாசிலாமணியை அண்டார்டிகாவுக்கு அனுப்பினாள்.

மூன்று மாதம் கழித்து அவர் அங்கிருந்து பேசினார். குரல் இறங்கியிருந்தது.

"அடுக்கே இல்ல மேடம். முப்பது வருசமா கோடையில இங்க மழைதான் பெய்யுது. எல்லாம் உருகி, ஒரே கட்டியா ஒறஞ்சு கெடக்கு. பனியோதிக்குக் குடுத்தேன். ஒரு வரிகூடப் படிக்க முடியல."



"அந்தக் கட்டியையே கொண்டாங்க அண்ணாச்சி," என்றாள் செல்லக்கனி. "இங்க நாம இருந்தோம்னாவது தெரியட்டும்."