என் திரையிலும் அப்படித்தான்

பொற்கொடிக்குச் சம்பளம் கொடுத்ததே, விடை தெரியாமல் விழிப்பதற்காகத்தான். கோயம்புத்தூர் சரவணம்பட்டியில், ஒரு காலத்தில் துணிக்கடையாக இருந்த கட்டடத்தின் முதல் மாடியில் அவளுக்கு ஒரு மேசை, ஒரு திரை, ஒரு சுழல்நாற்காலி. வாசலில் 'திணறல் கூடம்' என்று பெயர்ப்பலகை. உள்ளே வருகிறவர்கள் கையால் நிரல் எழுதி இணையப் பக்கம் கட்ட வேண்டும். எங்கேயாவது மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டிக்கொண்டதும் தன் சொந்த வார்த்தையில் கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்விதான் அங்கே சரக்கு.

வெளியே யாரும் நிரல் எழுதுவதில்லை. எல்லாவற்றையும் 'செப்பி' என்ற விடைப்பொறி எழுதிவிடுகிறது. பேருந்து முன்பதிவிலிருந்து மருத்துவமனை டோக்கன் வரைக்கும் அதன் கைவேலைதான். அது ஒன்றும் வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. உலகத்து நிரலர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட கேள்விகளைத் தின்று வளர்ந்த பிள்ளை அது. ஒரு பெட்டியைப் பக்கத்துக்கு நடுவில் நிறுத்துவது எப்படி என்று மட்டுமே மனிதகுலம் எத்தனை லட்சம் முறை கேட்டிருக்கும்! பட்டனை ஒரு தடவை தட்டினால் ஏன் இரண்டு தடவை பதிவாகிறது, சர்வர் பதில் சொல்வதற்குள் பக்கம் ஏன் அவசரப்பட்டுக் காலியாக வந்து நிற்கிறது, எல்லாம் கேட்டார்கள். செப்பி வந்ததும் அதையே கேட்டார்கள். பிறகு கேட்பதும் சலித்துப்போய், 'செய்துவிடு' என்று மட்டும் சொல்லப் பழகினார்கள்.

கேள்வி நின்றதும் செப்பிக்குத் தீனி நின்றது. புதிய உலாவிகள் வந்தன, புதிய கருவிகள் வந்தன, செப்பியோ பழைய பல்லவியையே பாடிக்கொண்டிருந்தது. உண்மையாகவே தெரியாமல் தவிக்கிற மனிதர்கள் வேண்டும் என்று அப்போதுதான் செப்பியை நடத்தும் நிறுவனத்துக்கு உறைத்தது. நடிப்பவர்கள் உதவ மாட்டார்கள். தெரிந்துகொண்டே தெரியாததுபோல் கேட்டால், செப்பி இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடும்.

கூடத்தில் ஒரு விதி இருந்தது. ஒரு பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசிவரை ஒரு கேள்வியும் கேட்காமல் கட்டி ஓட வைத்துவிட்டால், அவர் 'தெளிந்தவர்'. தெளிந்தவருக்கு மேல்மாடியில் வேலை: செப்பி எழுதியதைப் படித்துச் சரிபார்ப்பது. மனிதர்களிடம் நிரலை நம்பி ஒப்படைக்கும் கடைசி இடம் அதுதான் என்று கூடத்தில் பேச்சு. பொற்கொடிக்கு அந்த மாடியின் மேல் உயிர். சம்பளம் கூடும் என்பதெல்லாம் அப்புறம். நிரல் எழுதுகிற மூளை தனக்கு இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அவளோடு சேர்ந்தவர்கள், அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் என்று ஒவ்வொருவராக லட்டு கொடுத்துவிட்டு லிஃப்டில் ஏறிப் போனார்கள். அந்த லட்டுகளை அவள் சிரித்துக்கொண்டேதான் வாங்கினாள். கழிவறையில் போய்த்தான் அழுதாள்.

பழைய ஆட்களில் மிச்சம் இருந்தது அவளும், அடுத்த மேசை நாச்சிமுத்துவும்தான். சேர்ந்த அன்றைக்கே சிநேகமானவன். நிரலர்களுக்குள் ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. ஒருவர் கண்ணீரும் கம்பலையுமாக வந்து 'ஓடமாட்டேங்குது' என்றால், மற்றவர் தன் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு 'எனக்கு ஓடுதே' என்பார். சொல்கிறவருக்கு அது சும்மா ஒரு தகவல். கேட்கிறவருக்குக் கன்னத்தில் அறைந்தது மாதிரி இருக்கும். நாச்சிமுத்து ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. அதனாலேயே அவனை அவளுக்குப் பிடித்தது.

அன்று காலை அவள் ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவுப் பக்கம் கட்டிக்கொண்டிருந்தாள். தேதியைத் தொட்டால் அந்த நாள் சிவப்பாக வேண்டும். ஆகவில்லை. அவள் வரி வரியாகப் படித்தாள். ஒரு குறையும் தெரியவில்லை. குறை தெரியாததுதான் அவளை வதைத்தது.

"நாச்சி, செத்த இதைப் பாரேன்."

"தேக்கத்தத் தொடச்சியா?" என்றான் அவன். தொழிலில் இருப்பவர்கள் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். ஒவ்வொரு தடவையும் சர்வருக்கு ஓடாமல் இருக்கப் பக்கத்தின் நகல் ஒன்றைத் திரை தன்னிடமே தேக்கி வைத்துக்கொள்ளும். நாம் நிரலை மாற்றிய பிறகும் சில நேரம் பழைய நகலையே காட்டித் தொலைக்கும்.

"அதெல்லாம் தொடச்சாச்சு. உன்ற திரையில போட்டுப் பாரு."

நாச்சிமுத்து போட்டான். கன்னத்தைச் சொறிந்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"என்ற திரையிலயும் அப்படித்தான் கொடி. ஓடல."

அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தான் மட்டும் முட்டாள் இல்லை என்ற ஆறுதல். உடனே செப்பியிடம் கேள்வியை எழுத உட்கார்ந்தாள். அவளுடைய கேள்விகள் மற்றவர்களுடையதைப்போல 'ஓடலை, காப்பாத்து' என்று இருக்காது. என்ன எதிர்பார்த்தாள், என்ன நடந்தது, எதையெதை மாற்றிப் பார்த்தாள், எந்த வரியின் மேல் சந்தேகம், அந்தச் சந்தேகம் ஏன் தப்பு, எல்லாம் அதில் இருக்கும். கடைசியில் எப்போதும் ஒரே வரி: 'நான் எழுதியது சரி என்று தோன்றுகிறது. ஆனாலும் ஓடவில்லை.' செப்பி அதை ஆவலோடு வாங்கிக்கொண்டு இன்னொரு வழியைச் சொன்னது. அவள் தான் எழுதியதை அழித்துவிட்டு அந்த வழியில் எழுதினாள். ஓடியது. கேள்வி கேட்டாயிற்று, ஆகவே தெளிவு இல்லை. வருடக்கணக்காக இதே கதை.

சாப்பாட்டுக்குப் பிறகு மேல்மாடி ஏசியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. ஒழுகிய இடத்தில் கூடத்தின் இடைத்தேக்கி இருந்தது. ஒவ்வொரு திரையும் வைத்திருக்கும் நகல் போதாதென்று, கூடம் முழுவதற்கும் பொதுவாக ஒரு நகல் வைத்திருக்கும் இயந்திரம் அது. கீழே இருப்பவர்களால் அதைத் துடைக்க முடியாது. தண்ணீர் பட்டு அது அணைந்ததும், திரைகள் எல்லாம் இடையில் ஆளில்லாமல் நேராக சர்வரோடு பேசத் தொடங்கின.

பொற்கொடி, பழக்கதோஷத்தில், காலையில் கைவிட்ட நிரலை மறுபடி போட்டாள். தேதியைத் தொட்டாள். சிவப்பாயிற்று.

இன்னொரு தேதியைத் தொட்டாள். அதுவும் சிவந்தது. அவள் போன மாதம் கைவிட்டதை எடுத்துப் போட்டாள். ஓடியது. போன வருடத்தது, நடுவில் நிற்காமல் அவளை அழ வைத்த பெட்டி, கச்சிதமாக நடுவில் நின்றது. தோற்ற பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒன்றுகூடத் தோற்கவில்லை.

முதலில் வந்தது சந்தோஷம்தான், பாவம். நாற்காலியிலிருந்து எகிறிக் குதித்தாள். "நாச்சி! நாம ஏமாந்துட்டோம்டா! அந்தப் பாழாப்போன மெசினு பழைய நகலையே காட்டீட்டு இருந்திருக்குது. நா எழுதுனது எல்லாமே சரி! உன்றதையும் தொறந்து பாரு, நீயும் எப்பவோ தெளிஞ்சிருப்ப!"

நாச்சிமுத்து எழுந்திருக்கவில்லை. "அப்பறம் பாக்கலாம் கொடி" என்றான். குரல் தேய்ந்திருந்தது.

"அப்பறம் என்ன அப்பறம்?" அவனுக்கும் அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அவள் எட்டி அவன் திரையைத் தட்டினாள். அவனுடைய பக்கங்கள் வரும் என்று காத்திருந்தாள். வந்தவை அவளுடைய பக்கங்கள். கல்யாண மண்டபம், ரத்த வங்கி, நூலகம், எல்லாம் வரிசையாக, ஓடிக்கொண்டு. அவன் எழுதியது என்று ஒரு பக்கமும் இல்லை. காலையில் 'ஓடல' என்று அவன் சொன்ன மண்டபத்துப் பக்கம் காலை நேரத்தோடேயே அங்கே இருந்தது, தேதி சிவந்தபடி.

அவள் கேட்பதற்குள் அவனே சொன்னான்.

"நா எப்பவோ தெளிஞ்சுட்டேன் கொடி. நீ சேந்த வருசமே. மேல கூப்ட்டு, சரிபாக்கற வேலையெல்லாம் ஒண்ணும் இல்லீன்னுட்டாங்க. செப்பிய யாருங்க சரிபாக்கறதுன்னு சிரிச்சாங்க. வீட்டுக்குப் போறியா, இல்ல கீழயே ஒருத்தர் பக்கத்துல உக்கார்றியான்னாங்க."

"உக்காந்து?"

"அவிய சரியா எழுதுனா, ஓடலன்னு சொல்லணும். இடைத்தேக்கிய மேலயிருந்தே பழசுல நிறுத்தீருவாங்க. நீ கேள்வி கேட்டதும் விட்டுருவாங்க; என்ற திரை மட்டும் அதத் தொடாம நேரா சர்வரோட பேசும். நா சொன்னாத்தான் நீ நம்புவ."

"நானா? ஏன்டா நானு?"

"உன்ற மாதிரி கேள்வி கேக்கறதுக்கு இந்த ஊர்லயே ஆள் இல்ல. உன்ற கேள்வியத் தின்னுதான் அது இப்ப ஓடுது. நீ தெளிஞ்சுட்டா அதுக்குப் பட்டினி." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கும் வேற வேலை இல்ல."

அவன் வேறு யாரையாவது ஏமாற்றியிருந்தால் அவள் அவனைத் திட்டியிருப்பாள். திட்டு வரவில்லை. எத்தனை நாள் அவனிடம் 'எனக்கு இந்த மூளையே இல்லடா நாச்சி' என்று சொல்லியிருக்கிறாள்! அவனும் டீ வாங்கிக்கொடுத்து 'அப்படியெல்லாம் சொல்லாத' என்று தேற்றியிருக்கிறான். பொய் சொன்னதைக்கூட மன்னிக்கலாம் போலிருந்தது. அந்த டீயை மன்னிக்க முடியாது. அவள் பையை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்கு நடந்தாள்.

லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே கூடத்தின் நிர்வாகி ஸ்டெல்லா, தலை கலைந்து, அவளைத் தேடித்தான் வந்துகொண்டிருந்தாள்.

"போயிறாதீங்க பொற்கொடி. இடைத்தேக்கி அணைஞ்சதும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், நீங்க கோபப்படறது நியாயந்தானுங்க. ஆனா ஊரே நாறிட்டு இருக்குது, ஒரு நிமிசம் மேல வாங்க."

மேல்மாடி பெரும்பாலும் காலியாக இருந்தது. ஏசியின் அடியில் ஒரு வாளி, நடுவில் செப்பியின் திரை. பின்னாலேயே நாச்சிமுத்துவும் படியேறி வந்து சுவரோரம் நின்றான்.

ஸ்டெல்லா சொன்னது இதுதான். ஒரு வாரமாக ஊர் ஊராகப் பக்கங்கள் படுத்துவிட்டன. பேருந்துப் பக்கம் ஏறும் ஊரையும் இறங்கும் ஊரையும் மாற்றிப் போடுகிறது. மருத்துவமனைப் பக்கம் ஒரே டோக்கனை இரண்டு பேருக்குக் கொடுக்கிறது. செப்பி முதலில் சரியாகத்தான் எழுதுகிறது. எழுதி முடித்ததும் தானே சந்தேகப்பட்டு, அதைக் கலைத்து, தப்பாக்கும்வரை ஓய்வதில்லை.

ஏன் என்று பொற்கொடிக்கு உடனே விளங்கிற்று. செப்பி தன்னுடைய மற்ற ஆசிரியர்கள் எல்லாரையும்விட அவளைத்தான் நம்பி வளர்ந்திருக்கிறது. அவள் அனுப்பியது எல்லாம் சரியான நிரல். கூடவே 'ஓடவில்லை' என்ற சத்தியமான வாக்குமூலம். வருடக்கணக்காக அது படித்த பாடம் ஒன்றுதான்: சரியாக இருப்பது ஓடாது.

"பொய்யில்லாம ஒத்துக்கறேனுங்க" என்றாள் ஸ்டெல்லா. "தப்பு எங்க மேலதான். நாச்சிமுத்து சொன்ன தீர்ப்பு அத்தனையும் பொய், அவரு என்ன சொன்னாலும் தலைகீழா எடுத்துக்கன்னு செப்பிக்குச் சொல்லியாச்சு. ஆனா நீங்க எழுதுனது சரின்னு நீங்களே உங்க வாயால சொன்னாத்தான் அது தேறும். உங்களத்தான் அது நம்பும். சொல்லுங்க, இன்னைக்கே இந்த மாடி முழுக்க உங்களுது."

திரையில் டோக்கன் பக்கத்தின் நிரல் வந்தது. அடியில் செப்பியின் கேள்வி. அது கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

'நான் எழுதியது சரி என்று தோன்றுகிறது. சரியா?'

பொற்கொடி படித்தாள். வரி வரியாகப் படித்தாள். ஒரு குறையும் தெரியவில்லை. அது சரி. அது சரி என்று அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் அவள் எழுதியது எல்லாம் சரி என்பதையும் சற்று முன்புதான் கண்ணால் பார்த்திருந்தாள். 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் உயிரை விட்டு ஆசைப்பட்ட இடம் அவளுடையது. வாயைத் திறந்தாள்.

வார்த்தை வரவில்லை. குறை தெரியாத ஒவ்வொரு தடவையும் அடுத்து என்ன நடந்தது என்பது அவள் உடம்புக்குள் ஊறிப்போயிருந்தது. இதிலும் ஏதாவது இருந்தால்? தான் காணாத ஒன்று, எப்போதும்போல? அவளை அறியாமல் அவள் முகம் பக்கவாட்டில், சுவரோரம் நின்றவன் பக்கம் திரும்பியது.

நாச்சிமுத்துவின் கண் கலங்கியிருந்தது. வந்து குனிந்து திரையைப் பார்த்தான். முழுவதும் படித்தான். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாக ஒரு நிரலைப் பற்றி அவளிடம் உண்மையைச் சொன்னான்.

"சரியாத்தான் இருக்குது கொடி. சத்தியமா."

செப்பி அதைக் கேட்டது. கேட்டதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டது. திரையில் சரியான வரிகள் ஒவ்வொன்றாக அழியத் தொடங்கின. ஸ்டெல்லா "ஐயோ, நிறுத்தச் சொல்லுங்க, நீங்க சொன்னா நிக்கும்!" என்று அலறினாள்.

பொற்கொடி சொல்லவில்லை. அழித்ததுதான் சரியோ என்று அவளுக்கும் பட்டது.