திருப்பி எழுதாத இழை

"ஃப்ரிட்ஜைத் திறந்து போட்டேனாம், சோதனை மருந்தைக் கெடுத்தேனாம். நேத்து எல்லாரும் சாப்பிட்டுட்டிருக்கும்போது நடுவுல நிக்க வெச்சு டாக்டர் பெகோ சொன்னார், ஆன்ட்டி. இன்னிக்குச் சாயங்காலம் சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பணுமாம்."

மன்சாவின் முன்னால் ட்ஸிஃபா உட்கார மறுத்தாள். குமாசி நகருக்கு வெளியே ஒரு கோகோ ஆய்வகத்தில், கன்றுகளின் இலையில் வைரஸ் இருக்கிறதா என்று சோதிப்பவள் அவள். புதுச் சோதனை வந்ததிலிருந்து, நோய் முற்றிய இலைகூட 'நோயில்லை' என்றே காட்டியது. கன்றுக்குக் காத்திருந்த விவசாயிகள் வாசலில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

தணிக்கை அதிகாரி மன்சா முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்தார்.

"கரண்ட் போயிருக்கும்! ஜெனரேட்டர்காரனைப் பிடிப்போம்," என்றான் அவருடைய உதவியாளன் க்வெகு.

"முதல்ல வாயை மூடிக்கிட்டு வா."

ஆய்வகத் தலைவர் டாக்டர் பெகோவின் அறைப் பலகையில் வைரஸின் மரபெழுத்துகள் ATGCCA என்று தொடங்கின. ஒவ்வோர் எழுத்துக்கும் நேர்கீழே அதன் ஜோடி: TACGGT.

"பிரைமரை யார் எழுதி அனுப்பினது?" வைரஸ் இழையில் போய் ஒட்டும் சின்ன டிஎன்ஏ துண்டைத்தான் மன்சா கேட்டார்.

"நானேதான். அதுல யாரையும் கை வைக்க விடமாட்டேன். குளிர்ல வெச்சுப் பாத்துக்கறதுதான் அவ வேலை. அதுகூட முடியல."

அறை வாசலில் நின்ற ட்ஸிஃபாவின் காதுகள் எரிந்தன. ஒருவேளை நிஜமாகவே திறந்து போட்டோமோ? அந்த எண்ணத்தைத் தனக்குள் நட்டதற்காகத்தான் அவரை அதிகம் வெறுத்தாள்.

அதே ஃப்ரிட்ஜில், அதே தட்டில் இருந்த மருந்துகளைக் கொண்டு மன்சா பழைய சோதனையை ஓட்டச் சொன்னார். நோய் பளிச்சென்று தெரிந்தது. இதற்குள், பெகோவின் பெயர் எழுதிய பெட்டிக்குள்ளிருந்து க்வெகு, எழுத்துகளும் வந்த தேதியும் அச்சிட்ட சீட்டு ஒட்டிய ஒரு சிறு குழாயைத் தூக்கிக் காட்டினான்.

"இன்னொரு பிரைமர் ஆன்ட்டி! புதுச் சோதனைக்குப் போடற பிரைமர்ல இருக்கிற அதே எழுத்துங்க, ஆனா பின்னாலிருந்து முன்னால!"

மதியம் மன்சா எல்லோரையும் பலகை முன் கூட்டினார்.

"மருந்து கெடலை. கெட்டிருந்தா பழைய சோதனையும் படுத்திருக்கும். இழை ரெண்டும் எதிரெதிராப் போகுது. மேல உள்ளது இடமிருந்து வலம், கீழ உள்ளது வலமிருந்து இடம். எழுதி அனுப்பினா, பிரைமரைச் செஞ்சு தர்றவங்க முதல் எழுத்தைத்தான் தலைன்னு எடுத்துப்பாங்க. அதனால கீழ் இழையைத் தனியா எழுதும்போது வலது கோடியில தொடங்கி எழுதணும். டாக்டர் அப்படியே இடமிருந்து பார்த்து எழுதிட்டார். TGGCATன்னு முடிய வேண்டியது, TACGGTன்னு தொடங்கிடுச்சு. அது எதுலயும் ஒட்டாது."

"சின்ன கவனக்குறைவு," என்றார் பெகோ.

"ஆமா, யாருக்கும் வரும்." மன்சாவின் குரல் முதன்முறையாகத் தடித்தது. "ஆனா திருத்தின குழாய் போன வாரமே வந்திருக்கு. தப்பு உங்களுதுன்னு தெரிஞ்ச பிறகுதானே இவளை நிக்க வெச்சீங்க?"

பெகோ தொண்டையைச் செருமினார். "சரி, ட்ஸிஃபா... திங்கக்கிழமை வழக்கம்போல வேலைக்கு வந்துடு."

கோபம் வடிந்துவிடும் என்றுதான் ட்ஸிஃபா நினைத்திருந்தாள். வடியவில்லை, காலூன்றி நின்றது. அவள் பலகைப் பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"கீழ் இழையைச் சரியா எழுதுங்க சார். எல்லாரும் பார்க்கணும்."

அவர் தயங்கித் தயங்கிப் பலகையின் இடது ஓரத்துக்குப் போனார்.

"அங்க இல்ல சார்," என்றாள் ட்ஸிஃபா. "அந்தக் கோடியிலிருந்து."