ஐந்தாம் அறையில் ஒரு வயிற்றுவலி

"ஐயோ... சாகப் போறேன்!"

ஐந்தாம் அறையிலிருந்து வந்த அலறலில் வராந்தாக் கண்ணாடி அதிர்ந்தது.

வெளியே வரிசையில் நின்ற மருத்துவ மாணவர்கள் யாரும் அசையவில்லை. ஒருத்தன் கொட்டாவி விட்டான்.

காரணம் இருந்தது. உள்ளே அலறியவர் நோயாளி இல்லை. நடிகர்! மாணவர்கள் தொட்டு, தட்டி, அமுக்கிப் பழகுவதற்காகக் கல்லூரி பிடித்து வந்திருந்த நாடகக்காரர். இன்று அவருக்குக் குடல்வால் வீக்க வேஷம். எட்டு அறைகள், எட்டுப் பொய் நோயாளிகள். அறைக்கு எட்டு நிமிடம். மணி அடித்தால் அடுத்த அறைக்கு ஓட வேண்டும்.

மணி அடித்தது!

அக்கா உள்ளே நுழைந்தாள்.

அவள் யாருக்கும் கூடப் பிறந்த அக்கா இல்லை. இதே தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டு, ஜூனியர்களோடு வந்து உட்கார்ந்ததால் கிடைத்த பட்டம். இந்த முறையும் போனால் படிப்பே போய்விடும்.

மூலையில் மதிப்பெண் தாளோடு பேராசிரியர். மாணவர்கள் வைத்த பெயர் கழுகு. மூக்கும் அப்படி... பார்வையும் அப்படி!

"வணக்கம் சார். உங்களைப் பரிசோதிக்கலாமா?" நெட்டுருப் போட்டதை ஒப்பித்தபடி உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கினாள். சில்லிட்ட கையை வைத்தால் ஒரு மார்க் காலி.

"வலி... தாங்கல..."

அவர் உடம்பு தொப்பலாக நனைந்திருந்தது. கடைவாயில் எச்சில் வழிந்தது.

'யப்பா... என்ன நடிப்பு!'

வலது அடிவயிற்றை அமுக்கினாள். குடல்வால் என்றால் ஆள் இங்கே துள்ள வேண்டும். துள்ளவில்லை. வயிறு பஞ்சு மாதிரி இருந்தது.

"இங்க வலிக்குதா சார்?"

"எங்க வேணா அமுக்கும்மா... கண்ணு மங்குது..."

அக்காவுக்குச் சுருக்கென்றது. குடல்வாலுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

நாடியைப் பிடித்தாள். நாற்பத்திரண்டு! இப்படிக் கத்துகிற ஆளுக்கு நாடி குதிரையாகப் பாய வேண்டாமா? இது எருமையாக நடந்தது.

டார்ச்சை எடுத்துக் கண்ணில் அடித்தாள்.

இரண்டு கண்மணிகளும் கடுகாகச் சுருங்கிக் கிடந்தன!

அலறலாம். உருளலாம். எச்சில்கூட வடிக்கலாம். கண்மணியை நடிக்க வைக்க எந்தக் கொம்பனாலும் முடியாது!

"சார்! இவர் நடிக்கல! பூச்சிமருந்து உள்ள போயிருக்கு!"

கழுகு தலையைத் தூக்கவில்லை. "வயித்தைப் பாருன்னா கண்ணைப் பார்க்கிறே. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

"தேர்வை நிறுத்துங்க சார்!"

"பாதியில வெளிய போனா நீ ஃபெயில்."

அக்கா மதிப்பெண் தாளைப் பார்த்தாள். ஒரு கணம்தான்.

"நான் ஃபெயிலாகிறது புதுசா சார்? இவர் சாகிறதுதான் புதுசு!"

கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள். "ஸ்ட்ரெச்சர்! விஷமுறிவுக்கு அட்ரோபின் ஊசி! யாராவது வாங்கடா!"

"அக்காவுக்குக் கழண்டுபோச்சு" என்றான் கொட்டாவிக்காரன்.

ஒருத்தன் மட்டும் ஓடி வந்தான். வகுப்பின் முதல் மாணவன். வருடா வருடம் பதக்கம் வாங்கியதால் பட்டப்பெயரே பதக்கம். "நான் கால் பக்கம் பிடிக்கிறேன் அக்கா!"

கீழ்த்தளத்து அவசரப் பிரிவில் ஊசி மேல் ஊசி ஏறியது. நாடி எழுபதைத் தொட்டபோது அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நண்பகலில் இன்ஸ்பெக்டர் அம்மா வந்து இறங்கினார். நாடகக்காரரின் காப்பி ஃப்ளாஸ்கைத் திறந்து முகர்ந்தார். முகம் கோணியது.

"காலையிலிருந்து அந்த ரூம்ல இருந்தது யாரு?"

எல்லாத் தலைகளும் கழுகின் பக்கம் திரும்பின.

"உயிர் போகுதுன்னு பொண்ணு கத்துது. நீங்க ஃபெயில்னு மிரட்டியிருக்கீங்க. ஏன்?"

"நடிப்புன்னு நினைச்சேம்மா..." கழுகு கோழிக்குஞ்சாகிவிட்டிருந்தார். "அவருக்குப் பத்துக்குப் பத்தே போட்டுட்டேன்..."

அக்கா எழுந்தாள். "மேடம், இங்க இருக்கிறவங்க கண்ணை ஒரு தடவை பார்க்கலாமா?"

"உனக்கு இன்னும் பரீட்சை முடியலையா?"

"அவசரத்துல விஷம் கலந்தவன் கை கழுவியிருக்க மாட்டான். அந்தக் கை கண்ணுல பட்டிருந்தா..."

இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்டினார். நடத்து!

முதலில் கழுகு. டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கண்மணிகளும் ஒழுங்காக இருந்தன.

"லேசா புரை இருக்கு சார். யாராவது நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க."

அடுத்து... பதக்கம்.

"எனக்கு எதுக்குக்கா? நான்தானே தூக்கினேன்!" ஓரடி பின்வாங்கினான்.

வலது கண்மணி... சரி.

இடது கண்மணி... கடுகு!

"தூக்கும்போது அவர் எச்சில் தெறிச்சிருக்கும்!"

"கால் பக்கம் பிடிச்சவன் கண்ணுல எச்சில் எப்படிடா தெறிக்கும்?"

பதக்கம் ஓடினான்!

இன்ஸ்பெக்டர் நிதானமாக ஒரு காலை நீட்டினார். குப்புற விழுந்தவன் சட்டைப் பையிலிருந்து விரல் நீளப் புட்டி ஒன்று உருண்டு ஓடியது.

மாலையில் நாடகக்காரர் கண் திறந்தார்.

"போன வாரமே வீட்டுக்கு வந்தான். எந்த ரூம்ல என்ன நோய், எங்க அமுக்கினா கத்துவீங்கன்னு கேட்டான். கழுகுகிட்ட சொல்லிடுவேன்னேன்."

கழுகு இருமினார்.

"இன்னிக்குக் காலையில, இவர் ரூமுக்கு வர்றதுக்கு முன்னாடி மன்னிப்புக் கேட்க வந்தான். சட்டை மாத்தத் திரும்பினேன். மறுபடி பார்த்தா, இடது கண்ணைக் கசக்கிக் கசக்கி அழறான். ஒத்தைக் கண்ணால அழறவனை எந்த நடிகன் நம்புவான்? போடான்னு விரட்டிட்டேன்."

மூன்று வருடப் பதக்கங்கள் வந்த வழி எல்லோருக்கும் புரிந்தது.

கழுகு அக்காவின் பக்கம் திரும்பினார். "விதிப்படி, பாதியில வெளிய போனவங்க ஃபெயில்."

அவள் தலை குனிந்தது.

"ஆனா கேள்வித்தாள் கேட்டு வந்தவன் இருந்த தேர்வே செல்லாது. அடுத்த மாசம் எல்லாருக்கும் மறுபடி. உனக்கு இல்ல. இதைவிட நல்ல பரிசோதனையை நான் எங்க போய்ப் பார்க்கிறது? நீ பாஸ்!"

அக்கா அழுதாள். இரண்டு கண்ணாலும்.

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடும்போது நாடகக்காரரிடம் கேட்டார்: "அழுகையை நம்பாத நீங்க காப்பியை ஏன் சார் குடிச்சீங்க? பூச்சிமருந்து வாடை வரலையா?"

"வந்துச்சும்மா... இந்தக் காலேஜ் கேன்டீன் காப்பி அப்படித்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்!"